அலைவரிசைச் சாமியாருக்குக் காய்ச்சல் வந்த வாரம்

செவ்வாய்க்கிழமை காலையில் திருவொற்றியூர்ப் பக்கம் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் புதிதாக நுழைகிறவர், வழி தவறிக் கோயிலுக்கு வந்துவிட்டோமோ என்று செருப்பைக் கழற்றிவிடுவார். கணினிச் சேவைப் பிரிவின் வாசலில் அவ்வளவு நீள வரிசை. ஒவ்வொருவர் கையிலும் மடிக்கணினி, அதன்மேல் ஓர் எலுமிச்சம்பழம். வரிசையின் தொடக்கத்தில் மின்னணுவியல் பேராசிரியர். மின்காந்த அலைகளைப் பற்றிப் பாடப்புத்தகமே எழுதியவர். அவர் கையில் இரண்டு பழங்கள்.

உள்ளே அலைவரிசைச் சாமியார் உட்கார்ந்திருந்தார். காவி வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், அதில் இடையிடையே கோத்த நீல நெட்வொர்க் வயர்த் துண்டுகள். இந்த வளாகம் எழும்பிய மண்ணில் முன்பு ஒரு தொழிற்சாலை இருந்ததாம். அங்கே இயந்திரத்தில் சிக்கிச் செத்த தொழிலாளியின் ஆவி, வாரத்துக்கு இரண்டு முறை வந்து வைஃபையின் குரல்வளையைப் பிடிக்கிறதாம். சாமியார் கற்பூரம் காட்டிச் சங்கு ஊதினால் விட்டுவிடுமாம். எண்ணூர்க் காற்றில் என்னென்னவோ கலந்து கிடக்க, பாவம், அந்த ஆவிக்கு வைஃபை மட்டும்தான் கண்ணை உறுத்தியது.

காணிக்கைக்குச் சுவரில் ஒரு கியூஆர் கோடு ஒட்டியிருந்தது. நெட் செத்துக் கிடக்கும்போதும் காணிக்கை மட்டும் தடங்கலில்லாமல் போய்ச் சேருகிறதே என்று பக்தர்கள் புல்லரித்துப் போனார்கள். அது அவரவர் கைப்பேசியில் அவரவர் போட்டுக்கொண்ட டேட்டா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றினால் அப்புறம் என்ன பக்தி?

இந்தக் கூத்தையெல்லாம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் ஷெர்லின். அந்தப் பிரிவின் தலைவி அவள்தான். மாணவருக்குப் பாஸ்வேர்டு மறந்தாலும், பேராசிரியருக்குப் பிரிண்டர் முரண்டு பிடித்தாலும், அவளும் அவளுடைய ஒரே உதவியாளர் நெல்சனும்தான் ஓட வேண்டும். இப்போது அவள் மேசையிலேயே குங்குமம் கொட்டிக் கிடந்தது. அதைத் துடைத்துத் துடைத்து அவளுக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. எரிச்சலுக்கு மேல் பயமும் இருந்தது. அதற்குக் காரணம் பதிவாளர் மணவாளன்.

“தப்பா எடுத்துக்காதீங்க ஷெர்லின்,” என்றார் அவர். “நெட்டு போனா நீங்க அரை நாள் தேடுறீங்க. அவரு ஒரு சங்கு ஊதிக் கொண்டுவந்துடறாரு. வர்ற வெள்ளிக்கிழமை துணைவேந்தர் நேர்ல பார்க்கப் போறாரு. அன்னிக்கும் சாமியே கொண்டுவந்துட்டா, இந்த ரூமைச் சாமியோட பீடத்துக்குக் கொடுத்துட்டு, பிரிவைக் கலைச்சிடலாம்னு முடிவு.”

“அப்போ நானும் நெல்சனும்?”

“சாமிகிட்டயே கேட்டுப் பாருங்க. சீடரா ஏதாவது இடம் இருக்கலாம்.”

அன்று ராயபுரத்து வீட்டில் அம்மா அடைக்கலமேரி ஆறுதலாகச் சொன்னாள். “கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துகீறேம்மா. கவலப்படாத, நெட்டு சரியாயிடும்.”

“அவரு எலுமிச்சம்பழம், நீ மெழுகுவத்தி. வயரை யாரும்மா பார்க்கிறது?” என்றாள் ஷெர்லின்.

விஷயம் பிடிபட்டது மறுநாள்தான். காசிமேட்டிலிருந்து வந்து இறங்கிய நெல்சன், டீ டம்ளரோடு பேச்சை எடுத்தார்.

“மேடம், போன வாரம் நெட்டு ஒரு தபா கூட பூடல. கவனிச்சீங்களா?”

“போன வாரம் என்ன விசேஷம்?”

“சாமியாருக்கு டெங்கு. வூட்ல கவுந்து பட்த்துகினாரு.”

“ஆவிக்கும் டெங்கா நெல்சன்?”

“ஒண்ணா சுத்திகினு கீறவங்க மேடம். தொத்திக்கும்ல.”

சிரித்த வாக்கிலேயே ஷெர்லின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். திருடன் வந்த பிறகு போலீஸ் வருவது உலக வழக்கம். இங்கே போலீஸ் வருகிற நாளாகப் பார்த்துத் திருடன் வருகிறான். சாமியார் வாசலில் இறங்குவதற்குச் சற்று முன்னால் நெட் மொத்தமாகச் சாகிறது, சங்கு ஊதியதும் மொத்தமாகப் பிழைக்கிறது. பழுது இப்படி நல்ல நேரம் பார்த்து வராது. இப்படிக் கொல்வதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒரே வயரின் இரண்டு முனைகளையும் சுவரில் உள்ள இரண்டு நெட் இணைப்புகளில் செருகிவிட்டால் போதும். போன தகவலே திரும்பத் திரும்பச் சுற்றிவந்து, மொத்த வளாகமும் மூச்சு முட்டி நின்றுவிடும். பிடுங்கினால் பிழைத்துவிடும்.

அப்படி யாராவது செருகினால், அந்த இணைப்பை மட்டும் அடைத்து, எந்த இடம் என்று காட்டிக்கொடுக்கிற காவல் ஒன்று அவர்களுடைய கருவிகளிலேயே இருந்தது. ஒருமுறை பதிவாளர் அறைப் பிரிண்டர் அதில் மாட்டிக்கொண்டதால், “எடுத்துத் தொலைங்க அதை” என்று அவரே நீக்க வைத்திருந்தார். ஷெர்லின் யாரையும் கேட்காமல் அதைத் திரும்பப் போட்டாள். நெல்சனைத் தவிர வேறு ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. துணைவேந்தர் மாலையோடு வந்தார். கூட்டம் தாழ்வாரம் தாண்டி நின்றது. கைப்பேசியின் கதிர் பட்டால் ஆவிக்கு வெறியேறும் என்பது சாமியாரின் சட்டம். ஆகவே எல்லாரும் தங்கள் கைப்பேசிகளை அணைத்துத் தாம்பாளத்தில் வைத்தார்கள், எம்.கே.பி. நகர்ச் செங்கொடியைத் தவிர. இரண்டாம் ஆண்டு மாணவியான அவள், தூணுக்குப் பின்னால் துப்பட்டாவுக்குள் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமியார் கண்ணை மூடினார். “மூச்சு நின்றுவிட்டது. இன்று பிடி பலமாக இருக்கிறது.”

“ஆமா சாமி, காலையிலேர்ந்தே திணறுது,” என்றார் மின்னணுவியல் பேராசிரியர்.

ஷெர்லின் முன்னால் வந்தாள். “சாமி, நல்லா பார்த்துச் சொல்லுங்க. இப்ப நெட் இருக்கா, இல்லையா?”

“இல்லை மகளே. ஒரு துளி இல்லை.”

கற்பூரம் எரிந்தது. சங்கு முழங்கியது. “வந்துவிட்டது!” என்றார் சாமியார். கைதட்டலில் கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. துணைவேந்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“அது போவவே இல்லியே,” என்றது தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். செங்கொடி கைப்பேசியைத் தூக்கிக் காட்டினாள். “நான் இந்தாண்ட நின்னு நம்ம வைஃபைலதான் மேட்ச் பாத்துகினு கீறேன். ஒரு பால் கூட நிக்கல.”

கூட்டம் மொத்தமும் தூண் பக்கம் திரும்பியது. சாமியார் மட்டும் அசரவில்லை. “ஆவி இந்தப் பெண்ணின் கண்ணை மறைத்துவிட்டது,” என்றார்.

“மறைக்கட்டும்,” என்றாள் ஷெர்லின். “ஆனா அது எங்க உட்கார்ந்திருக்குன்னு என் கம்ப்யூட்டர் காட்டுது. நூலகம், பேப்பர் படிக்கிற இடம், கடைசிச் சுவர். வாங்க, எல்லாருமே போய்ப் பார்த்துடலாம்.”

மொத்த ஊர்வலமும் நூலகத்துக்குப் போனது. கடைசிச் சுவரோரம், விரித்துப் பிடித்த நாளிதழுக்குப் பின்னால் ஒரு மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். சாமியாரின் தலைமைச் சீடர் கஜபதி. நீல வயரின் ஒரு முனை அவர் கையில் இருந்தது, மறுமுனை இன்னும் சுவரில் இருந்தது. இத்தனை பேர் வருவதைப் பார்த்துப் பதறிப்போய் எழுந்தார்.

“அண்ணே, சங்கு சத்தம் கேட்டவொடனே புடுங்கிட்டேனே,” என்றார் சாமியாரைப் பார்த்து. “இன்னும் வர்லியா?”

 ஷெர்லின் அந்த வயரைக் கையில் வாங்கினாள். நூலகரின் மேசைப் போனில் நெல்சனைக் கூப்பிட்டு காவலை எடுக்கச் சொல்லிவிட்டு, இரண்டு முனைகளையும் சுவரில் செருகினாள். நூலகத்துக் கணினிகள் ஒவ்வொன்றாக நின்றன.

“மேடம், மேடம், கடைசி ஓவரு,” என்று கத்தினாள் செங்கொடி. “ஜல்தியா புடுங்குங்க.”

ஷெர்லின் பிடுங்கினாள். எல்லாம் ஓடத் தொடங்கின. கற்பூரம் இல்லை, சங்கு இல்லை, செத்துப்போன ஒரு தொழிலாளியின் மேல் பழியும் இல்லை.

சாமியார் காவியைத் தூக்கிக் கட்டினார். “இன்னாமா, பொழப்புல மண்ணப் போட்டுட்டியே,” என்றார், முதல் முறையாக மனுச பாஷையில். இந்தக் கட்டடம் எழும்பியபோது இங்கே வயர் இழுத்த ஒப்பந்தக்காரர் அவர்தான் என்பது அப்புறம் தெரியவந்தது. எந்தச் சுவரில் எந்த இணைப்பு என்று அவருக்குத் தெரிந்ததில் தெய்வீகம் எதுவும் இல்லை. அன்றைக்கே வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. துணைவேந்தர் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் நூலகரின் கழுத்தில் போட்டுவிட்டுப் போனார். பிரிவைக் கலைக்கும் பேச்சைப் பதிவாளர் அப்புறம் எடுக்கவே இல்லை.

ஷெர்லின் நிம்மதியாகத் தூங்கினாள். திங்கட்கிழமை காலையில் அலுவலகம் வந்து பார்த்தால் வாசலில் மறுபடியும் வரிசை நின்றது. முதல் ஆளாக மின்னணுவியல் பேராசிரியர், கையில் மடிக்கணினியோடு.

“ஒண்ணுமில்ல மேடம்,” என்றார் அவர் பவ்யமாக. “உங்க கை பட்டா எல்லாம் ஓடுதுங்கிறாங்க. ஒரு தடவை தொட்டுக் கொடுத்துடுங்க.”

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகையே வந்துவிடும் போலிருந்தது. உள்ளே போய் ஓர் அட்டையை எடுத்து, பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் மாட்டினாள். இன்றைக்கும் அது அங்கேதான் தொங்குகிறது.

“இங்கே யாரும் எதையும் தொட்டுக் கொடுப்பதில்லை. மடிக்கணினி ஓடவில்லையென்றால் ஒருமுறை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். மூளையை அணைக்க வேண்டாம், அது ஏற்கெனவே அணைந்துதான் இருக்கிறது. போட்டால் போதும்.”