சத்தம் வரக் கூடாது

"எல்லாம் சரி சார். சத்தம் மட்டும் வரக் கூடாது" என்றார் மேனேஜர்.

வயலின்காரருக்குத் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "எதுல சார் சத்தம்?" என்று கேட்டார்.

"வயலின்லதான். பாட்டு, மியூசிக் எல்லாம் லேப்டாப்ல ரெடியா இருக்கு. அது பாட்டுக்கு ஓடும். நீங்க அதுக்கு ஏத்த மாதிரி கைய ஆட்டினாப் போதும்."

"வாசல்ல நேரடி இசைன்னு போர்டு வெச்சிருக்கீங்களே?"

"நேரடியாத்தானே நிக்கப் போறீங்க?"

வயலின்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் காலையில் கிளம்பும்போது மனைவி சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. "நாலு மாசம் கழிச்சு ஒரு போன் வந்திருக்கு. இந்த ஒரு தடவையாவது வாய மூடிக்கிட்டு வாசிச்சுட்டு வாங்க." வயலினை எல்லோரும் வாயை மூடிக்கொண்டுதான் வாசிக்கிறார்கள் என்று பதில் சொல்ல நினைத்து, வாயை மூடிக்கொண்டு வந்திருந்தார்.

நான்கு மாதம் என்பது கொஞ்சமா? ஒரு காலத்தில் ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் பன்னிரண்டு வயலின்கள் வரிசையாக உட்காரும். அவர் மூன்றாவது நாற்காலி. பன்னிரண்டு ஆறாயிற்று. ஆறு இரண்டாயிற்று. அப்புறம் ஒரே ஒரு ஆளை வாசிக்கச் சொல்லி, அதையே பன்னிரண்டு தடவை ஒட்டிக்கொண்டார்கள். கடைசியில் அந்த ஒரு ஆளும் வேண்டாம், கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் வயலின் வரும் என்றானது. அந்தப் பொத்தானுக்கு வேண்டிய சத்தங்களை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு சுரமாக வாசித்துக் கொடுத்துவிட்டு வந்தவரும் அவரேதான். எதற்கு என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் தன்னையே இரண்டு அறை அறையலாம் போலிருக்கும்.

மச்சான் குழாய்க் கடை வைத்திருந்தான். "திங்கக்கிழமை வந்து கல்லாவுல உக்காருங்க மாமா. உக்காந்த இடத்துல வேலை" என்று மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான். இங்கே மேனேஜரோ, "இன்னைக்கு நல்லபடியா முடிஞ்சா வருஷம் பூரா எங்க டி.வி. நிகழ்ச்சிக்கு நீங்கதான்" என்று சொல்லியிருந்தார். அதனால் வயலின்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வில்லுல கொஞ்சம் சோப்பத் தடவிக்கோங்க. இழுத்தாலும் சத்தம் வராது. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்று மேனேஜர் ஒரு சோப்புக்கட்டியை நீட்டினார்.

"என் மூஞ்சியில வேணாத் தடவிக்கறேன். வில்லுல தடவ மாட்டேன்."

"அப்ப தந்தியில படாம ஒரு விரக்கடை மேல வெச்சு ஆட்டுங்க."

கம்பெனி கொடுத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றார். பெரிய மண்டபம். நானூறு பேர் காலையிலேயே வந்து ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். திரை விலகியதுமே கைதட்டினார்கள். இன்னும் ஒன்றுமே நடக்கவில்லையே என்று நினைத்தாலும், வயலின்காரருக்கு உள்ளுக்குள் இதமாக இருந்தது. எவ்வளவு நல்ல ஜனங்கள். இவர்களை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தவும் செய்தது.

முதல் பாட்டு முடிந்ததும் கேமராக்காரர் மேடைக்கே வந்துவிட்டார். "சார், குளோசப்ல பாத்தா நீங்க கொசு ஓட்டற மாதிரியே இருக்கு."

மேனேஜர் யோசித்தார். யோசித்து, நாடகத்துக்காகச் செய்த ஒரு பொம்மை வயலினைக் கொண்டுவரச் சொன்னார். ஒட்டுப்பலகையில் செய்து பெயின்ட் அடித்தது. தந்திக்குப் பதில் தூண்டில் நரம்பு.

"இதுல எவ்வளவு வேணா இழுங்க சார். ஒரு சத்தம் வராது."

"தெரியுது" என்றார் வயலின்காரர்.

இரண்டாவது பாட்டில் வேறு தொல்லை. லேப்டாப்பிலிருந்து வந்த வயலினில் ஒரே நேரத்தில் ஆறு தந்திகள் ஒலித்தன. உலகத்தில் வயலினுக்கு இருப்பது நான்கு தந்தி. கீழ்ச் சுரத்திலிருந்து உச்சிக்கு அது தாவிய தாவலுக்குக் கை வேண்டுமென்றால் ஆக்டோபஸைத்தான் கூப்பிட வேண்டும். இருந்தாலும் இருபத்தாறு வருடப் பழக்கம் விடவில்லை. தாளம் தப்பக் கூடாதே என்று விரல்களை விரட்டினார். பொம்மை வயலின் தாங்கவில்லை. கழுத்து அவர் கையிலேயே தங்க, உடம்பு மட்டும் கழன்று பறந்து, பக்கத்தில் அடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்த டிரம்ஸ்காரரின் பெரிய டிரம்மில் போய் டம்மென்று விழுந்தது.

அன்று அந்த மேடையிலிருந்து வந்த முதல் நிஜமான சத்தம் அதுதான்.

சபை கைதட்டியது. வயலின் உடைந்ததற்கும் கைதட்டுகிறார்களே, பாவம், என்ன மனசு என்று நெகிழ்ந்துபோனார் வயலின்காரர்.

"உங்க வயலினையே எடுங்க" என்று பக்கவாட்டிலிருந்து பல்லைக் கடித்தார் மேனேஜர். "வில்லத் திருப்பிப் பிடிங்க. மயிர் மேல, கட்டை கீழ. அப்புறம் கொஞ்சம் சிரிங்க. என்னமோ சண்டைக்கு நிக்கற மாதிரி நிக்கறீங்க."

மூன்றாவது பாட்டு. தலைகீழாகப் பிடித்த வில்லோடும், முகத்தில் ஒட்டவைத்த சிரிப்போடும் அவர் நின்றார். பாட்டு பாதியில் இருக்கும்போது லேப்டாப் மாட்டிக்கொண்டது. பாடகியின் குரல் ஒரே எழுத்தில் சிக்கி, "கா... கா... கா..." என்றது. அந்தப் பெண்ணும் விசுவாசமாக அதற்கும் வாயசைத்தாள். பிறகு அதுவும் நின்றது. மண்டபம் நிசப்தமானது. லேப்டாப்காரர் விசைகளைத் தட்டினார், பிறகு லேப்டாப்பையே தட்டினார். மேனேஜர் இரண்டு கையாலும், "ஆட்டுங்க, ஆட்டிக்கிட்டே இருங்க" என்று சைகை காட்டினார்.

சத்தமே இல்லாத மண்டபத்தில் ஆறு பேர் கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

வயலின்காரர் நிறுத்தினார். சிரிப்பை முகத்திலிருந்து கழற்றினார். வில்லைத் திருப்பி நேராகப் பிடித்தார். வாசித்தார்.

முதலில் பாட்டைத்தான் வாசித்தார். சிறிது நேரத்தில் பாட்டு எங்கோ போய்விட்டது. காலியான பன்னிரண்டு நாற்காலிகளை வாசித்தார். பொத்தானுக்காகப் பிடுங்கிக்கொண்ட அந்த மத்தியானத்தை வாசித்தார். சோப்புக்கட்டியை வாசித்தார். மைக் இல்லை. கடைசி வரிசைவரை கேட்க வேண்டுமே என்று வில்லை அழுத்திய அழுத்தலில் நாலைந்து மயிர்கள் அறுந்து தொங்கின. அந்தக் கோபத்துக்கு எங்கிருந்தோ ஒரு அழகு வந்து சேர்ந்திருந்தது. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

அப்போதுதான் அந்த மனிதரைப் பார்த்தார். முன்வரிசை, நீலச் சட்டை, வழுக்கைத் தலை. விரலால் கண்ணைத் துடைத்தார். பிறகு கைக்குட்டையை எடுத்தார். பிறகு தோள் குலுங்கக் குலுங்க, கூச்சமே இல்லாமல் அழுதார். வயலின்காரர் மீதியை அவருக்காகவே வாசித்தார்.

வாசித்து முடித்தார். அப்புறம் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கால் மணி நேரம் இடைவேளை என்று அறிவித்துத் திரையை இழுத்தார்கள்.

"யாரக் கேட்டு வாசிச்சீங்க?" என்று வந்தார் மேனேஜர்.

"வயலின்காரன் வயலின் வாசிக்க யாரக் கேக்கணும்?"

"ஒரு மைக் கிடையாது, ஒண்ணு கிடையாது. அந்த நாலு நிமிஷத்த வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? லேப்டாப் சரியாயிடுச்சு. மூணாவது பாட்ட முதல்லேருந்து போடப் போறோம். நீங்க கிளம்பலாம். வேன் டிரைவர நிக்க வெச்சுக்கறேன். கோட்டு அவருக்குச் சரியா இருக்கும்."

வயலின்காரர் கோட்டைக் கழற்றி மேனேஜரின் தோளில் போட்டார்.

"தாராளமா நிக்க வைங்க. டிரைவர், வாட்ச்மேன், யார வேணா. உங்களுக்கு ஆளும் வேண்டாம், வாசிப்பும் வேண்டாம், கோட்டு போதும். ஜனங்களுக்குக் காது கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டீங்க இல்ல? போய் முன்வரிசையில பாருங்க. ஒரு மனுஷன் கண்ணெல்லாம் வீங்கிப்போய் உக்காந்திருக்கார். அவர் உங்க லேப்டாப்புக்கா அழுதார்?"

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர், உடனே மச்சானுக்குப் போன் போட்டார்.

"திங்கக்கிழமை நான் வரல. கேக்கறதுக்கு ஒரே ஒரு ஆள் இருக்கற வரைக்கும் நான் குழாய் விக்கப் போறதில்ல."

"சரிங்க மாமா" என்றான் மச்சான், சிறிதும் வருத்தமில்லாமல். "அப்ப அந்த எடத்துக்கு இப்பவே ஒருத்தருக்குச் சொல்லிடறேன். வெளியில ரெண்டு கிடார்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க."

அடுத்த நிமிடமே மனைவி கூப்பிட்டாள். மச்சான் அவ்வளவு வேகம்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"வாசிச்சேன்."

"அதுக்குத்தானே போனீங்க?"

"அதுக்கு இல்லையாம். ஆனா ஒருத்தர் அழுதுட்டார்."

"யாரு, மேனேஜரா?"

"இல்ல. கேக்க வந்தவர். தேம்பித் தேம்பி அழுதார். இத்தனை வருஷத்துல நான் அப்படி யாரையும் பாத்ததில்ல."

"சரி. அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டு வாங்க" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

மண்டபத்தின் பக்கவாட்டில், தண்ணீர்க் குழாயடியில் நீலச் சட்டைக்காரர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கண்கள் இன்னும் சிவந்திருந்தன. வயலின்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய ஈரக் கைகளை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க அழுதீங்களே... அத நான் மேடையிலேருந்து பாத்தேன்."

நீலச் சட்டைக்காரரின் முகம் மலர்ந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாத்தீங்களா சார்? நல்லதாப் போச்சு. கைதட்ட ஒரு ரேட்டு, மூணாவது பாட்டுக்கு அழுதா அதுல ரெண்டு மடங்குன்னு சொல்லித்தான் எங்கள வேன்ல ஏத்துனாங்க, அதனால நான் அழுத நேரத்துல கேமரா ஓடிச்சா, நின்னு போச்சான்னு மட்டும் கொஞ்சம் உள்ள விசாரிச்சுச் சொல்றீங்களா?"