ஸ்டெல்லாவிடம் கேட்காத கேள்வி

தோற்ற வழக்குகளுக்காக என்னை யாரும் திட்டியதில்லை. ஆம்பூரில் ஒரு வக்கீல் தோற்றால் போலீஸைத் திட்டுவார்கள், இல்லாவிட்டால் நேரம் சரியில்லை என்பார்கள். நான் திட்டு வாங்கியது ஜெயித்த ஒரு வழக்குக்காக. எட்டு வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது நான் சீனியரை விட்டுத் தனியாக வந்து ஆறு மாதம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகள்தான் என்னிடம் வரும். (பெரிய வழக்குகள் என் ஆபீஸ் மாடிப்படியை ஏறாது. படி அவ்வளவு செங்குத்து.) இந்த மாதிரி வழக்கில் பெரும்பாலும் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான் மட்டும் "ஒத்துக்காதீங்க, நடத்தலாம்" என்பேன். மூன்றில் ஜெயித்தும்விட்டேன். தலைக்கனம் ஏறியிருந்த காலம்.

அப்போதுதான் தேவராஜ் வந்தார். ஷூ கம்பெனி வேன் டிரைவர். ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலை ஷிஃப்ட்டுக்குப் பெண்களை ஏற்றி வருபவர். ஒருநாள் காலை ஏழு மணிக்கு, வேனில் பதினான்கு பெண்கள் இருக்கும்போது, போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறது. மெஷின் அளவுக்கு மேல் காட்டிவிட்டது. தண்டனை வந்தால் லைசென்ஸ் போகும், வேலையும் போகும். கூடவே அவர் மனைவி ஸ்டெல்லாவும் வந்திருந்தார். அதே கம்பெனியில் ஒட்டும் பிரிவில் வேலை. அதே வேனில்தான் அவரும் போய்வருவார்.

"காலைல எவன் சார் குடிப்பான்? மொத நாள் சொல்யூஷன் டின்னு ஏத்திட்டுப் போனேன். ஒண்ணு ஒழுகிடுச்சி. அந்த நெடிதான் மெஷின்ல காட்டியிருக்கு" என்றார் தேவராஜ்.

சொல்யூஷன் என்பது தோலை ஒட்டும் பசை. (வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் அந்த நெடி தெரியாத மூக்கு கிடையாது.) எனக்குப் பொறி தட்டியது.

"அக்கா, நீங்க இன்னா சொல்றீங்க?"

ஸ்டெல்லா புருஷனைப் பார்க்காமல் சொன்னார். "நான் தெனம் எட்டு மணி நேரம் அந்த சொல்யூஷன் கிட்டதான் சார் உக்காந்திருக்கேன். அன்னிக்கி நானும் வேன்லதான் இருந்தேன். என்னையும் ஊதச் சொல்லியிருக்கணும்."

மூளை உள்ளவன் அங்கேயே யோசித்திருப்பான். இந்த அம்மாள் ஊதியிருந்தால் மெஷின் ஒன்றுமே காட்டியிருக்காது, புருஷன் சொல்லும் கதை அத்தோடு முடிந்தது என்று. நானோ, நெடிக்குத் தங்கமான சாட்சி கிடைத்துவிட்டது என்று குறித்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் இரண்டு முறை தனியாக வந்தார். "சார், ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பார். புருஷன் ஜெயிலுக்குப் போய்விடுவாரோ என்ற பயம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"எல்லாம் நான் பாத்துக்கறேன்கா. கோர்ட்ல கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஜாஸ்தி பேசினா கேஸ் பேஜாராயிடும்."

திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். சாட்சி நன்றாகத் தேறிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

விசாரணை அன்று ஒரு சொல்யூஷன் டின்னோடு போனேன். நெடியை நிரூபிக்க வேண்டுமே. அனுமதி வாங்கி மூடியைத் திறந்தேன். அரை நிமிஷத்தில் குமாஸ்தா கைக்குட்டையை எடுத்தார், பின் வரிசையில் யாரோ இருமினார்கள். "வக்கீல் சார், மொதல்ல அத மூடுங்க" என்றார் நீதிபதி. ஜன்னல்களைத் திறந்த பிறகு ஸ்டெல்லாவைக் கூண்டில் ஏற்றினேன்.

"இந்த நெடி துணியில, முடியில ஒட்டுமா?"

"ஒட்டும்."

"குளிச்சாலும் போகாதா?"

"போகாது."

"வேறு கேள்வி இல்லை" என்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அரசுத் தரப்பு வக்கீலும் கேள்வி இல்லை என்றார். ஸ்டெல்லா இறங்கவில்லை. கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், அரசு வக்கீலைப் பார்த்தார், நீதிபதியைப் பார்த்தார். எதிரே தேவராஜ் கைகட்டி நின்றிருந்தார். கடைசியில் குமாஸ்தாதான் "எறங்கும்மா" என்றார். கோர்ட்டுக்குப் புதுசு, படபடப்பு என்று நினைத்தேன்.

மெஷினைச் சோதித்த சான்றிதழைப் போலீஸ் தாக்கல் செய்யவில்லை. நெடியையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சந்தேகத்தின் பலன், விடுதலை. வெளியே தேவராஜ் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். ஸ்டெல்லா வேப்பமரத்தடியில் அழுதுகொண்டிருந்தார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து (ஆமாம், இதையும் நினைத்தேன்) ஒரு லட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே சார்."

"இன்னா கேள்விக்கா?"

"போலீசுக்குப் போன் பண்ணது யாருன்னு. நான்தான் பண்ணேன். தெனம் காலைல குடிச்சிட்டுத்தான் சார் ஸ்டேரிங் புடிக்கிறாரு. பதினாலு பேரு உசுரு. லைசென்ஸ் போச்சின்னா வண்டிய விட்டுருவாருன்னு பாத்தேன்."

லட்டு என் கையிலேயே இருந்தது.

இருபதாவது நாள் காலை அந்த வேன் வேர்க்கடலைக் கொல்லையில் கவிழ்ந்தது. யாரும் சாகவில்லை. இதை நான் ஆறுதலாகச் சொல்வதுண்டு, கேட்பவர்கள் ஏற்பதில்லை. ஸ்டெல்லாவின் வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலருகே நின்றேன்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க சார்" என்றார் அவரே. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னீங்க. சொன்னேன்."

அந்தக் கை பிறகு பசை பிரஷ்ஷைப் பிடிக்கவே இல்லை. சட்டப்படி நான் செய்ததில் தப்பில்லை. என் கட்சிக்காரர் தேவராஜ், அவரைக் காப்பாற்றினேன். சீனியரும் அப்படித்தான் சொன்னார். வீட்டில் சொன்னபோது என் மனைவி முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தம்மா ரெண்டு வாட்டி படியேறி வந்தாங்களே, ஒரு வாட்டியாவது உக்கார வச்சிக் கேட்டீங்களா?" என்றாள்.

இப்போதும் அதே வழக்குகள்தான் நடத்துகிறேன், ஜெயிக்கவும் செய்கிறேன். வழக்கு ஜெயித்த நாளில் வீட்டுக்குள் நுழைந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள் என் மகள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பாள்.

"அம்மா, அப்பா ஜெயிச்சிட்டு வந்திருக்காரு. இன்னிக்கி யாருக்கு அடின்னு கேளு."