சாய்வபுரியின் நாற்காலிகள்

சாய்வபுரி மன்னருக்குக் குடிமக்களின் கால்கள் மீது அளவு கடந்த இரக்கம். முடிசூடிய அன்றே வீட்டுக்கு இரண்டு நாற்காலி கொடுத்தார். மறு ஆண்டு அரிசியும் வெல்லமும் அரண்மனை வண்டிகளில் ஏறி நாற்காலிக்கே வந்து சேர்ந்தன. அதற்கடுத்த ஆண்டு, காரணமின்றி நடப்பது அரசின் கருணையை அவமதிக்கும் குற்றம் என்று சட்டம் வந்தது.

மக்கள் மகிழ்ந்தார்கள். பிறகு ஓயாமல் தாகம் எடுத்தது. பாதம் மரத்தது. கட்டைவிரலில் பட்ட சிறு காயம் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. அவ்வூர் வடிவு என்பவளின் கணவர் தணிகாசலத்துக்கும் அப்படித்தான்.

"தின்னதெல்லாம் ரத்தத்துல சர்க்கரையா நிக்குதும்மா," என்றார் வைத்தியர் ஆதிமூலம், சன்னலைச் சாத்திவிட்டு. "அதை வாங்கி எரிக்கிறது தசைதான். அவர் தொடையை வேலை வாங்கு, ரத்தம் தெளியும். விட்டா காலே போயிரும். நான் சொன்னதா வெளிய சொல்லிராதே."

எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. ஓய்வுத்துறை அமைச்சர் அறிக்கை விட்டார்: "நோய்க்குக் காரணம் அமர்வு அன்று, அமர்வின் போதாமை. ஆகவே நாற்காலிகளுக்கு மெத்தை வழங்கப்படும்." வைத்தியருக்கு இரட்டை மெத்தை கிடைத்தது. அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை.

வடிவு கூடத்துக்குள்ளேயே நடந்து பார்த்தாள். தெருவில் யார் காலடியும் கேட்காத ஊரில் தன் காலடி அவளுக்கே அச்சமாக இருந்தது. கதவை அடைத்துவிட்டுக் கணவரின் முன் வந்து நின்றாள்.

"எந்திரிங்க. உக்காருங்க. மறுபடி எந்திரிங்க."

"கொல்றியேடி!"

"திட்டுறதுக்கு மூச்சு இருக்குல்ல? இன்னொரு தடவை."

முதல் நாள் ஒருமுறை எழுவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. மூன்று மாதத்தில் இருபது முறை எழுந்தார். தாகம் அடங்கியது. புண் காய்ந்தது. ஒரு மாலை இருவரும் தோள் உரச அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்தார்கள். மணமான புதிதில்கூட அவளுக்கு அவ்வளவு துணை இருந்ததில்லை.

அப்போதுதான் தெருக்களை உழுது பூந்தோட்டமாக்கும் மசோதா வந்தது. அது நிறைவேறினால் நடக்க இடமே இராது. மக்களை நாற்காலியோடு வண்டிகளில் ஏற்றி மைதானத்தில் இறக்கினார்கள். அந்நாட்டு வழக்கப்படி மசோதாவை எதிர்ப்பவர் எழுந்து நிற்க வேண்டும், அமர்ந்திருப்பவர் ஆதரவாளர்.

"எதிர்ப்போர் தாராளமாக எழலாம்," என்றார் அமைச்சர். "இந்நாட்டில் எவர் காலையும் எவரும் பிடித்து வைக்கவில்லை."

அங்கங்கே சிலர் முக்கினார்கள். பாதி எழுந்து, மூச்சிரைக்க மெத்தையில் விழுந்தார்கள். வடிவு எழுந்து நின்றாள். கணவரிடம் கையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பார்க்கவில்லை. எழப்போகிறவர் செய்வதுபோல் பாதங்களை உள்ளே இழுத்து ஊன்றித்தான் வைத்திருந்தார். அமைச்சரின் பார்வை அந்த வரிசைக்கு வந்தது. தணிகாசலம் பாதங்களை மெல்ல முன்னால் நீட்டிக்கொண்டார்.

"உக்காரு வடிவு," என்றார் பல்லிடுக்கில். "எல்லாரும் பாக்குறாங்க."

அவள் உட்காரவில்லை. அவ்வளவு பெரிய மைதானத்தில் அவள் நிழல் ஒன்றுதான் நீளமாக விழுந்தது.

"எதிர்ப்பு ஒன்று. மசோதா நிறைவேறியது," என்றார் அமைச்சர்.

மைதானம் சோர்வாகக் கைதட்டியது. அதில் ஓசை மிகுந்து கேட்டது தணிகாசலத்தின் கைதட்டல். நாற்காலியில் கை ஊன்றி எழுந்து எழுந்து, அவர் கைகளிலும் பலம் ஏறியிருந்தது.