மச்சான் என்ன சொல்ல வர்றாருன்னா...

மனுஷரில் ஓர் இனம் உண்டு. அடுத்தவர் வாயைத் திறக்கிறதுக்கு முந்தியே விளங்கிக்கொள்கிற இனம். நீங்கள் "தலை..." என்று ஆரம்பித்தால் போதும், "வலியா? ரெண்டு பனடோல் போடுங்க" என்பார்கள். பாவம், நீங்கள் கேட்க வந்தது தலையணை.

மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கும் சசிக்குமார் இந்த இனத்துக்கே தலைவர், பெரிய கணக்குப்பிள்ளை. அவருக்கு வாய்த்ததோ அதிர்ஷ்டம். அக்கா புருஷன் இருளாண்டிக்குப் பாரிசவாதம் வந்து, கையும் காலும் நாக்கும் போய், கண் மட்டும் மிச்சம். மறுத்துப் பேச முடியாத மச்சான்! விளங்கிக்கொள்கிறவருக்கு வேறென்ன வேணும்?

இருளாண்டியின் கண் கூரைப்பக்கம் போனால், "மச்சான் என்ன சொல்ல வர்றாருன்னா, கிரிக்கெட் போடச் சொல்றாரு." கதவுப்பக்கம் போனால், "கோழி அடிச்சு சசிக்குக் குடுங்கறாரு." கொஞ்சூண்டு அசைவை லயம் முழுக்கக் கேட்கவைக்கிற ஆம்ப்ளிஃபயர் அவர். என்ன, உள்ளே போவது மச்சானின் கண், வெளியே வருவது இவருடைய பாட்டு. கடைசியில் மச்சானின் மோட்டார் சைக்கிளுக்கும் பாட்டு வந்தது: "சும்மா நின்னு துருப்பிடிக்குது, நீயே கொண்டு போ சசின்னு கண்ணாலேயே கெஞ்சுறாருக்கா." அக்கா சுந்தரம்மா நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

மகள் ஹம்சிகா விடுவாளா? டெக்னிக்கல் காலேஜில் படிக்கிறவள். சின்னப் பெட்டியும் வயருமாக வந்து சேர்ந்தாள். கண்ணில் துளியூண்டு மின்சாரம் இருக்காம். கண் திரும்பினால் அதுவும் திரும்புமாம். கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஸ்டிக்கர் ஒட்டினால், பெட்டி அதை ஆயிரம் மடங்கு பெருக்கி, எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். வலப்பக்கம் பார்த்தால் திரையில் "ஆம்". இடப்பக்கம் பார்த்தால் "இல்லை".

"மெஷின் எதுக்கு புள்ள? நான் இருக்கேன்ல?" என்றார் சசிக்குமார். என்றாலும் கட்டிலுக்கு வலப்பக்கம் போய் நின்று, சாவிக்கொத்தை ஒரு ஆட்டு ஆட்டினார்.

"அப்பா, பைக்கை மாமாவுக்குக் குடுக்கவா?"

கலகலக்கிற சாவிப்பக்கம் யாருடைய கண்தான் போகாது? "ஆம்".

"பாத்தியா! மெஷினும் என்னைய மாதிரியே படிச்சிருக்கு!"

"மாமா, சாவியைப் பொக்கட்ல போட்டுட்டு, அப்பா தலைக்குப் பின்னால வந்து நில்லுங்க."

மறுபடி கேட்டாள். "இல்லை".

"மச்சான் என்ன சொல்ல வர்றாருன்னா, இன்னைக்கு வேணாம், நாளைக்கு..."

"அப்பா, இனிமே உங்களுக்காக மாமா பேசட்டுமா?"

கண் இடப்பக்கம் பாய்ந்த வேகத்தில், அசைவைக் காட்டும் கோடு திரையையே தாண்டி ஓடியது. இல்லை. இல்லை. இல்லை. படுத்த நாளிலிருந்து சேர்த்துவைத்த இல்லைகள் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன.

சுந்தரம்மா கையை நீட்டினாள். சாவி திரும்பியது. சசிக்குமார் மச்சானுக்குப் போர்வையை இழுத்துவிட்டுவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தார்.

அவர் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்த இருளாண்டியின் கண் நிறைந்து வழிந்தது. ஸ்டிக்கர் நனைந்து கழன்றது. திரையில் வெறும் கிறுக்கல்.

அந்தக் கண்ணீர் சந்தோஷமா, கோபமா, போகிற மச்சினன்மேல் இரக்கமா? மெஷின் சொல்லவில்லை. ஹம்சிகாவும் இன்னும் கேட்கவில்லை.

ஆனால் உங்களுக்கு விளங்கிவிட்டது, இல்லையா?

எப்படிங்க?