மைத்துனரின் காதுக்கேற்ற அறை

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
12ஆம் தேதி, புதன்கிழமை

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மைத்துனர் டென்சில் அவர்களுக்கு, உம் அக்காள் கணவன் ஓஸ்வால்ட் வாழ்த்தி வரைவது.

இவ்விடம் நானும் உம் அக்காள் ஜோசஃபினும், மகன் டிரேவரும் அவன் வீட்டாரும் ஆண்டவர் கிருபையால் சுகம். அவ்விடம் பொன்மலையில் நீரும் லவினாவும், உமது வலக்காது நீங்கலாக, சுகமென்று நம்புகிறோம். வரும் 28ஆம் தேதி இந்நகரில் அக்காதுக்கு நடக்கவிருக்கும் அறுவை சிகிச்சைக்காக எங்கள் சபையில் மூன்று ஞாயிறுகளாக மன்றாடி வருகிறோம்.

உம் கடிதம் கிடைத்தது. ரயில்வே பணிமனையில் முப்பத்து நான்கு ஆண்டு சுத்தியல் ஓசைக்கு நடுவே நின்ற காது, அறுவைக்குப் பின் பத்து நாள் உரத்த சத்தம் எதையும் கேட்கலாகாது என்று மருத்துவர் கண்டிப்பாய்ச் சொன்னதை அறிந்தேன். "அத்தான், தப்பா நினைக்காதீங்க, உங்க வீடு மட்டும் வேண்டாம். பக்கத்துலயே சின்னதா, அமைதியா ஒரு ஹோட்டல் பாத்துக் குடுங்க" என்று நீர் எழுதியதையும் வாசித்தேன். நான் சற்றும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. பேரன் டிரம்ஸ் பயில்கிறான். வியாழன்தோறும் பகுதி ஜெபக்கூட்டம் நம் கூடத்தில்தான் நடக்கிறது. நானோ கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி முப்பது ஆண்டு யாப்பிலக்கணம் நடத்திய தொண்டையை உடையவன். நீர் கேட்டது நியாயமே. அக்கடிதத்தை உம் அக்காளுக்கு உரக்க வாசித்துக் காட்டியது மட்டுமே என் பிழை.

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "கூடப் பொறந்த அக்கா இந்த ஊர்ல கல்லு மாதிரி இருக்கேன், அவன் ஹோட்டல்ல தங்குறானாம்! நாளைக்கு கோயில் வாசல்ல ஆஞ்சலா அக்கா 'உன் தம்பி எங்கம்மா இறங்கியிருக்கான்'னு கேட்டா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?" என்றாள். மூன்றாம் நாள் காலையில் தானே செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, "வாங்க, நானும் வர்றேன். என் தம்பி படுக்கற கட்டிலை நான் பாக்காம வேற யாரு பாக்கறது?" என்றாள்.

டென்சில், எழுபத்தோராம் வயதில் ஒருவனை நம்பி ஒரு காரியம் ஒப்படைக்கப்படுவது எத்தகைய பேறு என்பதை நீர் அறியமாட்டீர்! வாக்களிக்கப்பட்ட தேசத்தை வேவு பார்க்கப் போன பன்னிருவருக்குக்கூட இத்தனை உற்சாகம் இருந்திராது. நான் ஒரு நோட்டும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டேன். அளவு நாடா எதற்கென்று உம் அக்காள் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை, ஆனால் கையில் ஏதேனும் இருந்தால் விடுதிக்காரர்கள் மதிப்பார்கள் என்று தோன்றிற்று.

முதலாவது பிரேசர் டவுனில் ஒரு கண்ணாடிக் கட்டடம். அமைதி என்றால் அதுவே அமைதி, ஏனென்றால் ஆளே இல்லை. வரவேற்பாரும் இல்லை, வழி சொல்வாரும் இல்லை. தொலைபேசிக்கு ஓர் எண் வரும்; அதைக் கதவில் ஒற்றினால் திறக்கும். ஒற்றினோம், திறந்தது, புகுந்தோம், மூடிக்கொண்டது. வெளியேறவும் ஓர் எண் வேண்டும் போலும் என்று நான் தொலைபேசியை எடுத்தால் அதில் உயிரில்லை. தீர்க்கதரிசி மீன் வயிற்றில் மூன்று நாள் இருந்தார். நாங்கள் அந்தக் கண்ணாடி வயிற்றில் நாற்பது நிமிடம் இருந்தோம். தெருவில் போனவர்களைப் பார்த்து உம் அக்காள் கையசைத்தாள். அவர்களும் மரியாதையாகப் பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் பழவண்டிக்காரர் ஒருவர் நின்று, கண்ணாடிக்கு வெளியே இருந்தபடியே, "அம்மா, பக்கத்துலயே பச்சை பட்டன் கீது பாருங்கோ, தபாவ், தபாவ்!" என்று விரலால் அழுத்திக் காட்டினார். என் தோளுக்கு நேரே இருந்தது அந்தப் பொத்தான். வீடு சேரும்வரை உம் அக்காள், "பெரிய பண்டிதரு! பச்சை பட்டன் தெரியல" என்றே வந்தாள்.

இரண்டாவது விடுதியில் முறையாகச் சோதனை நடத்தினேன். உம் அக்காளை மேல் அறைக்கு அனுப்பி நாற்காலியை இழுக்கச் சொன்னேன். கீழறையில் நானே நோயாளியாகக் கண்மூடிப் படுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை! அளவிறந்த மகிழ்ச்சியோடு நோட்டில் 'மிக நன்று' என்று எழுதிக்கொண்டிருக்கையில் மணி நான்கு அடித்தது. பின்பக்கத்து மதிலுக்கு அப்பாலிருந்து இருபது இருபத்தைந்து நாய்கள் ஒரே குரலில் எழுந்தன. அதட்டிக் கேட்டதற்கு விடுதிக்காரர், "அதுவும் ஹோட்டல்தான் சார், நாய்ங்களுக்கு. ஓனருங்க ஊருக்குப் போனா விட்டுட்டுப் போவாங்க. ரொம்ப டீசென்ட் நாய்ங்க சார், நாலு மணிக்கு மட்டும்தான்" என்றார். நோட்டில் எழுதியதை அடித்தேன்.

மூன்றாவதைக் கண்டபோதுதான், டென்சில், என் உள்ளம் துள்ளிற்று! நம் வீட்டிலிருந்து இரண்டே தெரு தள்ளி, பழைய கண்டோன்மென்ட் காலத்து மாடிவீடு ஒன்றை அப்படியே சிறு விடுதியாக வைத்திருக்கிறார்கள். மொத்தம் ஆறே அறை. மரப்படிகள்மேல் கம்பளம் விரித்திருக்கிறது. சுவர்க்கடிகாரம் இருக்கிறது, டிக்டிக் இல்லை. பின்னறைச் சன்னலுக்கு வெளியே ஒரு பட்டர்ஃப்ரூட் மரம், அதன்மேல் ஓர் அணில். அந்த அணிலும் தன் கடமையை உணர்ந்து நடந்துகொண்டது. அகத்திணை ஐந்தையும் மாணவர்க்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். முல்லைக்குரிய ஒழுக்கம் 'இருத்தல்' என்பதன் பொருள் எனக்கு அன்றுதான், அந்தச் சன்னலோரம் உட்கார்ந்தபோது விளங்கிற்று. வரவேற்பில் நின்ற அஷ்வின் என்ற இளைஞர் காதோரம் குனிந்து, "சார், ஸ்வல்ப மெதுவா பேசணும். மாடில ஒருத்தர் மூணு மாசமா புத்தகம் எழுதறாரு" என்றார். நான் நன்றி சொன்னேன். மாடியில் ஒரு கதவு திறந்து மூடிற்று. "இதுவே அவருக்கு ஜாஸ்தி சார்" என்றார் அஷ்வின்.

பின்னறையை 27ஆம் தேதி முதல் பத்து நாளுக்கு உமக்கென்று உறுதி செய்தேன். அத்தோடு நான் வீடு திரும்பியிருக்கலாம்.

ஆனால் நம் குடும்ப வழக்கம் உமக்குத் தெரியும். ஜெபம் ஏறெடுக்காத புது அறையில் நம்மில் ஒருவரும் தலை சாய்த்ததில்லை. அறுவை முடிந்து வரும் உம்மை வெறும் அறையில் படுக்கவைக்க என் மனம் எப்படி ஒப்பும்? செவ்வாய் மாலை ஒரு சிறு ஜெபம் என்று அஷ்வினிடம் கேட்டேன். "எத்தனை பேரு சார்?" "நாலைந்து பேர்." "சரி சார், மெதுவா பண்ணிக்கோங்க." அழைக்கும் பொறுப்பை உம் அக்காள் தானே முன்வந்து ஏற்றாள். நேற்று மாலை வந்தவர்கள் இருபத்து மூவர்.

ஆஞ்சலா அக்காள் கஞ்சிராவோடு வந்தார். சபைப் பாடகர் குழுவின் டீனா ஒரு பாத்திரம் நிறைய சமோசாவோடு வந்தாள். ஆர்மோனியத்தை டிரேவரே காரில் கொண்டுவந்து இறக்கினான். அறையில் இடம் போதாமல் நடையிலும், நடை போதாமல் மரப்படிகளிலும் அமர்ந்தார்கள். மூன்று கீர்த்தனை பாடினோம். பின்பு நான் 'அமைதி' என்ற பொருளில் சுருக்கமாக முப்பத்தைந்து நிமிடம் பேசினேன். அமைதியின் மேன்மையைச் சொல்லும் இடத்தில் உணர்ச்சி மிகுந்து என் குரல் தெருவரை போயிற்று என்று பிறகு சொன்னார்கள். அஷ்வின் இரு கைகளையும் கீழ்நோக்கி அசைத்தபடி வந்தார். "சார்... சார்... அந்த ரைட்டரு..." டீனா அவர் கையில் ஒரு சமோசாவைத் திணித்து, "உக்காருங்க தம்பி, நின்னுட்டே இருக்கீங்க" என்றாள். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது வாசலில் வீட்டுக்குச் சொந்தக்காரரான சோஃபியா அம்மாள் வந்து நின்றார். ஏதேன் தோட்டத்து ஆதிமனிதன் நின்ற நிலையில் நான் நின்றேன். கஞ்சிராவை ஆஞ்சலா அக்காள் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார். சோஃபியா அம்மாள் எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "யாரது ஆல்டோ குரல்ல பாடினது?" என்றார். டீனா கையைத் தூக்கினாள். "சுருதியே சேரலையேம்மா. நகரு" என்று சொல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கணவர் போன பிறகு ஆறு வருடமாக அவர் வாய் திறந்து பாடவில்லையாம்; அதை அஷ்வின் பிறகு சொன்னார். நேற்று நான்கு பாட்டு பாடினார், டென்சில். எழுந்துபோகையில் என்னிடம், "இன்னிக்கி ஒரு நாள் போகட்டும் ஐயா. உங்க மச்சான் இருக்கற பத்து நாளும் இங்க ஒரு சத்தம் வரக்கூடாது" என்று கட்டளையிட்டார். ஆகவே உம் காதுக்குரிய அமைதி, இந்நகரில் வேறெங்கும் கிடைக்காத அளவில், உறுதியாயிற்று என்று பெருமகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

27ஆம் தேதி கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கவும். டிரேவர் வந்து நிற்பான். லவினாவிடம் முறுக்கு கொண்டுவர வேண்டாமென்று சொல்லவும். பக்கத்தில் இருந்து கடித்தால் உமக்கு ஆகாது. அதிரசம் கொண்டுவரத் தடையில்லை.

உம் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காப்பாராக. மருத்துவரின் கையோடு அவர் கை இருப்பதாக. உம் செவியில் இனி விழுவதெல்லாம் நற்செய்தியாகவே இருப்பதாக.

என்றும் உம் நலம் நாடும்
ஓஸ்வால்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் செய்தி வந்தது. ஆபரேஷன் ஆன மனிதரைத் தனியே விடலாகாது என்று சபையார் இன்று காலை மற்ற ஐந்து அறைகளையும் எடுத்துவிட்டார்கள். ஆஞ்சலா அக்காளும் தங்கையும் ஒன்றில். டீனா குடும்பம் ஒன்றில். சபைப் போதகரான ஐயரும் ஐயரம்மாவும் ஒன்றில். டிரேவர் குடும்பம் ஒன்றில், பேரன் டிரம்ஸோடு. புத்தகம் எழுதுகிறவர் நேற்றிரவே காலி செய்த அறையில், தினசரி ஜெபத்தை நடத்தும்பொருட்டு, நானும் ஆர்மோனியமும். சோஃபியா அம்மாளிடம் அவற்றை ரத்து செய்யக் கேட்டேன். பாடகர் குழு மறுபடி கூடுவதில் அவருக்குத்தான் எல்லாரிலும் ஆவல், விடமாட்டேன் என்கிறார். ஆகையால் அந்தப் பத்து நாளும் நம் வீட்டில் உம் அக்காள் ஒருத்தியைத் தவிர ஆளிருக்காது. நீரும் லவினாவும் நேரே நம் வீட்டுக்கே வந்துவிடவும். இவர்களுக்கெல்லாம் அறை எடுக்கும் யோசனையைச் சொன்னது யார் என்று உம் அக்காளைக் கேட்டேன். அவளுக்கு அடுப்பில் வேலை இருந்தது. முன்னறையில் உமக்குப் படுக்கை தயார். விரிப்புகளைப் போன வாரமே துவைத்து மடித்து வைத்திருக்கிறாள்.