மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் மணப்பெண்ணான கதை

சொந்தத்தில் எவனாவது ஒருவன் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் வாங்கித் தொலைப்பான். எங்கள் சொந்தத்தில் அது நான். (தெரிந்ததெல்லாம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது மட்டும்தான்.)

கே.கே. நகரில் இருக்கும் தாய்மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார்.

"மாப்ள, எந்த சைட்டுக்குப் போனாலும் உள்ள விட மாட்டேங்குது. குக்கீஸை எனேபிள் பண்ணுன்னு ஒரே தொந்தரவு. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

போனேன். செட்டிங்ஸில் ஒரே ஒரு பொத்தான். அதை நெற்றியைச் சுருக்கி முக்கால் மணி நேரம் அமுக்கினேன். "இனிமே சைட்டுக எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கிரும் மாமா" என்று விளக்கம் வேறு. மாமா பூரித்துப்போய் வடை வாங்கக் கிளம்பினார்.

எனக்கோ வேறு அவசரம். கல்யாண சைட் ஒன்றில் திருப்பரங்குன்றத்து மீனாவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயந்தரத்துக்குள் போட்டோ போட்டால்தான் மேற்கொண்டு பேச்சு என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். மாமாவுக்கோ ஒரே மகள், கவிதா. முறைப்பெண் இருக்க நான் வெளியே பெண் தேடுவது தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். அவசரமாக சைட்டுக்குள் போய் பென் டிரைவில் இருந்த போட்டோவை ஏற்றினேன். வாசலில் செருப்புச் சத்தம். சட்டென்று எல்லாவற்றையும் மூடினேன். லாக் அவுட் செய்தேனா? அறிவு இருந்தால் அல்லவா!

நான் வடையைத் தின்றுவிட்டுக் கிளம்பியதும் மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவரும் போனது அதே சைட்டுக்கு. எனக்குத் தெரியாமல் கவிதாவுக்கு மாப்பிள்ளை தேட! பாஸ்வேர்டு கேட்காமலே பக்கம் திறந்தது. மேலே 'சரவணன்' என்று என் பெயர். மோட்டார் ரிப்பேர் பார்த்தவர் மூடியில் தன் பெயரை எழுதிவிட்டுப் போவாரே, அப்படித்தான் என்று நினைத்தாராம். என் படத்தை எடுத்துவிட்டு, கவிதாவின் பட்டுச்சேலைப் படத்தைப் போட்டு, 'அரசு வேலை மாப்பிள்ளை தேவை' என்றும் எழுதிவிட்டார்.

ஊர் திரும்பி மேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது போன். மீனாவே பேசினாள்.

"சரவணனுங்களா? போட்டோ பாத்தோம். லட்சணமா இருக்கீங்க. தலை நெறையப் பூ வேற."

"எ... என்னங்க?"

"ஆனா எங்க வீட்ல மாப்பிள்ளைதாங்க தேடுறாங்க."

போனிலேயே சைட்டைத் திறந்து பார்த்தேன். என் பெயருக்குக் கீழே பட்டுச்சேலையில் கவிதா!

"ஐயோ, அது எங்க மாமா பொண்ணுங்க! நான் ஆம்பளைங்க! மீசை இருக்குங்க!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. மீனா விக்கல் வரும்வரை சிரித்தாள். "நேர்ல வாங்க. எங்கம்மா மீசைய இழுத்துப் பாத்துத்தான் முடிவு சொல்லுவாங்களாம்."

அடுத்து மாமாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"எம் மகள வேணாம்னுட்டு வெளிய தேடுறியாக்கும்?"

"நீங்க மட்டும் கவர்மெண்டு மாப்ள தேடலாமாக்கும்?"

மாமாதான் முதலில் சிரித்தார். மீனாவைப் பெண் கேட்கப் போனபோது முன்னால் நின்றவரும் அவரே.

மீனா இப்போது என் மனைவி. நான் கூப்பிட்டால் அவள் போனில் இன்றும் கவிதாவின் அந்தப் படம்தான் வரும். கெஞ்சியும் மாற்றவில்லை. போன தீபாவளிக்குக் கவிதா தன் கணவரோடு வந்திருந்தாள். எங்கள் ஒன்றரை வயது மகள் அவளைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடினாள்.

"அப்பா!"