செந்தட்டிக் கீரியும் சிவப்புப் பஞ்சு ஃபில்டரும்

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தது. காடு என்றதும் மரமும் அருவியும் மான்கூட்டமும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அது தேரிக்காடு. எங்கு பார்த்தாலும் செம்மண், நடுநடுவே பனை, மிச்ச இடமெல்லாம் உடைமுள். மண்ணும் சாதாரண மண் அல்ல, சலித்த மாவு. காற்றடித்தால் மேடு எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டால் போதும், மத்தியானச் சாப்பாடு முடிந்த மாதிரி.

கீரியின் பெயர் செந்தட்டி. நல்ல கீரிதான். பாம்பைக் கண்டால் பயப்படாது. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்றுதான் பயப்படும்.

அதனிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. ரோட்டிலும் ஓடும், காட்டிலும் ஓடும் என்று சொல்லி விற்கிறார்களே, கொக்கு மாதிரி உயரமாக, அந்த வகை. ஏறி உட்கார்ந்தால் செந்தட்டிக்குக் கால் தரையில் எட்டாது. நிறுத்துகிற இடத்திலெல்லாம் கால் வைக்க ஒரு கல்லைத் தேட வேண்டும். ஆனாலும் குறை சொல்ல முடியாத வண்டி. பொத்தானை அமுக்கினால் கிளம்பும், கிளம்பினால் போய்ச் சேரும். அப்படிப்பட்ட வண்டியைச் சும்மா விடலாமா?

செந்தட்டிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண், தேரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாய்மாமன் பலவேசத்தின் மகள் உச்சினி. செந்தட்டிக்கு உச்சினி என்றால் உயிர். உச்சினிக்கும் செந்தட்டியைப் பிடிக்கும். ஒரே ஒரு வருத்தம், போனில் பேசினால் முக்கால்வாசி நேரம் வண்டியைப் பற்றியே பேச்சு.

"பலவேசம் மாமா, கார் கீர் ஒண்ணும் அனுப்ப வேண்டாம். மாப்பிள்ளை நம்ம வண்டியிலதான் வாரேன். தேரிக்குள்ள குறுக்க விட்டா வெயில் ஏறுமுன்ன வந்துருவேன்" என்று செந்தட்டி சொல்லிவிட்டது.

"வந்தாச் சரி மாப்பிள. முகூர்த்தம் யாருக்காவயும் நிக்காது" என்றது பலவேசம். கீரிகளில் அது கொஞ்சம் கறார்.

அந்தக் காட்டில் வண்டி வைத்திருக்கும் பிராணிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. பெயர் 'தேரிச் சிங்கங்கள்'. அதில் சிங்கம் ஒன்றுகூடக் கிடையாது. மயில் அட்மின். மற்றபடி காட்டுப்பன்றி, ஓணான், காலையில் பூப்படம் மட்டும் போடும் சில ஆடுகள். கல்யாணத்துக்காக வண்டியைக் கழுவி, படம் எடுத்து, செந்தட்டி அதில் போட்டது.

"வண்டி அம்சமா இருக்கு வே. ஏர் ஃபில்டர் என்ன போட்டிருக்கீரு?" என்று கேட்டது மயில்.

"கம்பெனியில வந்ததுதான் அண்ணாச்சி."

அதற்கு ஓணான் ஒரே ஒரு சொல் போட்டது. "இன்னுமா?"

அந்தச் சொல்லில்தான் செந்தட்டியின் குடி கெட்டது.

ஏர் ஃபில்டர் என்பது பெரிய சங்கதி ஒன்றுமில்லை. எஞ்சினும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. மூச்சோடு மண் உள்ளே போய்விடாமல் மூக்கில் ஒரு துணி கட்டி வைப்பதுதான் ஃபில்டர். கம்பெனிக்காரன் காகிதத்தை மடித்து மடித்து ஒன்று வைத்துக் கொடுப்பான். அழுக்கேறினால் தூக்கிப் போட்டுவிட்டு அதே மாதிரி இன்னொன்று வாங்க வேண்டும். கதை முடிந்தது. ஆனால் இதற்கு அந்தக் காட்டில் மூன்று கட்சி. காகிதக் கட்சி, பருத்தித்துணிக் கட்சி, பஞ்சுக் கட்சி. பஞ்சு என்றால் ஸ்பாஞ்சு. ஒரு கட்சிக்காரன் வீட்டில் இன்னொரு கட்சிக்காரன் தண்ணீர் குடிக்க மாட்டான்.

"பருத்தி போடும் வே. சவுண்டு வரும். நீரு வாரது பக்கத்து ஊருக்கே கேக்கும்" என்றது மயில். தானே நாள் முழுக்க அலறிக்கொண்டிருக்கும் பறவைக்குச் சத்தத்தைத் தவிர வேறென்ன தோன்றும்?

"சவுண்ட வச்சு நாக்கு வழிக்கவா? நான் பொறந்ததுலேருந்து புழுதியில பெரளுதவன். எனக்குத் தெரியாத தூசியா? பஞ்சு போடு. எண்ணெயில நனைச்சுப் பிழிஞ்சு மாட்டு. தூசி வந்து ஒட்டிக்கிடும், உள்ள போவாது" என்றது காட்டுப்பன்றி.

"எண்ணெ போட்டா எஞ்சின் மூச்சு முட்டிச் சாவும்" என்றது மயில்.

"போடலைன்னா மண்ணைத் தின்னு சாவும்" என்றது பன்றி.

ஓணான் இரண்டு பக்கமும் தலையாட்டியது. காகிதக் கட்சியில் இருந்த ஓர் ஆடு, "கம்பெனி ஃபில்டரே நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டது. ஆட்டுக்குக் காகிதத்தின் மேல் உள்ள பாசத்துக்கு வேறு காரணம் என்று சொல்லி எல்லாரும் அதன் வாயை அடைத்துவிட்டார்கள். மயில் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டு வெளியேறியது. அட்மின் இல்லாமல் குரூப் நடக்காது என்று யாரும் கெஞ்சாததால் தானே திரும்பவும் வந்தது.

செந்தட்டி ராப்பகலாக யோசித்தது. முகூர்த்தச் சேலை என்ன நிறத்தில் என்று உச்சினி கேட்டபோது, "பஞ்சுல ரெண்டு அடுக்கு இருக்காம்" என்று பதில் சொன்னது. இவ்வளவு ஆராய்ச்சிக்கும் பிறகு கடைசியில் அது சிவப்புப் பஞ்சைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், வண்டியின் டேங்கும் சிவப்பு. ஃபில்டர் இருப்பதோ சீட்டுக்கு அடியில், மூடிபோட்ட டப்பாவுக்குள். அங்கே அது என்ன நிறத்தில் இருந்தால் யாருக்கு என்ன? ஆனால் மனதுக்குத் தெரியுமே.

பார்சல் வருவதற்கு முன்பே செந்தட்டி நல்ல நிலையில் இருந்த பழைய ஃபில்டரைக் கழற்றிப் பக்கத்து மர அணிலுக்குக் குட்டிகளைப் படுக்க வைக்கக் கொடுத்துவிட்டது. தர்மம் செய்த மாதிரியும் ஆயிற்று, ஓணானுக்குப் பதில் சொன்ன மாதிரியும் ஆயிற்று.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பார்சல் வந்தது. வீட்டில் எல்லாரும் மினிபஸ்ஸில் பெண் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். செந்தட்டியின் அம்மா படியில் கால் வைத்தபடி சொன்னது, "ஏல, புதுச் சாமான். திருநீறு பூசாம மாட்டாத."

அம்மா சொல்லைத் தட்டுகிற கீரி அல்ல செந்தட்டி. விடிந்ததும் குளித்தது. பட்டு வேட்டி கட்டியது. பன்றி சொன்னபடி பஞ்சை எண்ணெயில் நனைத்துப் பக்குவமாகப் பிழிந்தது. பிறகு மணைப்பலகையில் வைத்து, நம் வழக்கப்படி மூன்று விரலால் திருநீற்றை அள்ளிப் பட்டை பட்டையாக இழுத்தது. மேலே சந்தனம். சந்தனத்துக்கு நடுவே குங்குமம். கல்யாண நாளாச்சே என்று பின்பக்கமும் இன்னொரு பட்டை. நாம் அரிவாள்மணைக்குப் பூசுகிறோம், கம்ப்யூட்டருக்குப் பூசுகிறோம். ஃபில்டர் என்ன பாவம் செய்தது? தூசி போகக் கூடாது என்று வாங்கிய சாமானுக்கு முதல் தூசியை நம் கையாலேயே பூசிவிட்டோம் என்பது செந்தட்டிக்குத் தோன்றவில்லை. படத்தை குரூப்பில் போட்டது. எல்லாரும் கும்பிடுகிற கை போட்டார்கள். அவர்களுக்கும் தோன்றவில்லை.

தேரியில் பாதி தூரம் வண்டி ராஜநடை போட்டது. செந்தட்டி ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தது. அதற்கப்புறம் வண்டி ஒரு தடவை இருமியது. கொஞ்சம் போய் இரண்டு தடவை இருமியது. பிறகு இழுத்து இழுத்து மூச்சு வாங்கி, ஒரு மணல்மேட்டின் உச்சியில் நின்றேவிட்டது. கால் வைக்கக் கல் இல்லாததால் செந்தட்டி வண்டியோடு சாய்ந்து விழுந்தது.

எழுந்து டப்பாவைத் திறந்தால், எண்ணெயும் திருநீறும் சந்தனமும் சேர்ந்து சுவருக்குப் பூசுகிற சாந்து மாதிரி பஞ்சை அடைத்திருந்தது. மேட்டிலிருந்து பார்த்தால் அந்தக் கரைப் பனங்கூட்டம் தெரிந்தது. பந்தல் தெரிந்தது. ரேடியோ செட்டின் சத்தம்கூடக் காற்றில் வந்தது. நடந்தால் நல்ல நேரத்துக்குப் போய்விடலாம்.

செந்தட்டி போனை எடுத்து குரூப்பில் கேட்டது. "வண்டி நின்னுட்டு. முகூர்த்தம் நெருங்கிட்டு. ஃபில்டரக் கழட்டி எறிஞ்சுட்டு சும்மா ஓட்டிரட்டுமா?"

பிறந்ததிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத மூன்று கட்சியும் அன்றைக்குத்தான் ஒன்றாகக் குரல் கொடுத்தன. "கூடவே கூடாது!"

"பிஸ்டன் போயிரும் வே" என்றது மயில்.

"தேரி மண்ணு உப்புத்தாள் மாதிரி தேச்சுரும்" என்றது பன்றி.

"எஞ்சின் போனாப் போனதுதான்" என்றது ஓணான். இந்தத் தடவை அது தலையாட்டவில்லை.

அந்நேரம் பார்த்து, மேட்டுக்கு அடியில் வண்டிப்பாதையில் மினிபஸ் வந்தது. ஓட்டுவது ஆமை. ஜன்னலோரம் சங்கிலி என்றொரு வாலிபக் கீரி உட்கார்ந்து பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தது. பலவேசத்துக்குத் தூரத்து உறவு. கல்யாணச் சாப்பாட்டுக்குப் போகிறது, அதற்குமேல் அதற்கு வாழ்க்கையில் அன்றைக்கு வேறு திட்டம் இல்லை.

"மாப்பிள, இங்க என்ன வே செய்யுதீரு? ஏறும்" என்றது ஆமை.

"வண்டிய அநாதையா விட்டுட்டு எப்படி அண்ணாச்சி வாரது?"

"இந்த மண்ணுக்குள்ள எவன் வே வரப்போறான்?"

"புது ஃபில்டர் அண்ணாச்சி. கழட்டிட்டுப் போயிருவானுவ."

ஆமைக்கு டைம் முக்கியம். மினிபஸ் போய்விட்டது.

செந்தட்டி பட்டு வேட்டியின் ஒரு முனையைக் கிழித்துப் பஞ்சைத் துடைத்தது. எண்ணெய் போனால் திருநீறு ஒட்டியது. திருநீறு போனால் குங்குமம் சாயம் இறக்கியது. இன்னொரு முனையைக் கிழித்தது. அப்போது உச்சினி போன் செய்தது.

"அத்தான், எங்க நிக்கிய? எல்லாரும் உங்களத்தான் கேக்காவ."

"வந்துட்டேன் புள்ள. இந்தா, எண்ணெ மட்டும் வடிஞ்சுட்டா…"

"என்ன எண்ணெ?"

"பஞ்சுல."

உச்சினி போனை வைத்துவிட்டது.

செந்தட்டி மறுபடி குனிந்து துடைத்தது. பஞ்சு முக்கால்வாசி சுத்தமாகியிருந்தபோது காற்று திசை மாறிக் கெட்டிமேளச் சத்தம் வந்தது. யார் வீட்டிலோ கல்யாணம் என்று செந்தட்டி ஒரு கணம் நினைத்தது. அந்தத் திசையில் அன்றைக்கு ஒரே ஒரு கல்யாணம்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. அழுகை வந்தது. கையில் எண்ணெய் இருந்ததால் கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை.

அங்கே நடந்தது இதுதான். முகூர்த்தம் தாண்டப் போகிறது, மாப்பிள்ளையைக் காணோம். பலவேசம் பந்தலைச் சுற்றிப் பார்த்தது. சங்கிலி முதல் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது.

"ஏல சங்கிலி, நீ எனக்கு என்ன முறை?"

"மருமவன் முறை, மாமா."

"எந்திரி."

அவ்வளவுதான். இலையில் உப்பு மட்டும் வைத்திருந்த நிலையில் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு போய் மணவறையில் உட்கார வைத்துவிட்டார்கள். உச்சினி ஒரு தடவை தேரிப் பக்கம் பார்த்தது. பிறகு குனிந்து கழுத்தை நீட்டியது.

வெயில் தாழ, வண்டியைத் தள்ளிக்கொண்டு செந்தட்டி வந்து சேர்ந்தது. பந்தலில் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கிலி ஓடி வந்தது.

"அண்ணே, எம்மேல வருத்தப்படாதிய. நான் சாப்பிடத்தான் வந்தேன். சத்தியமா இன்னும் சாப்பிடக்கூட இல்ல."

உச்சினி மாலையும் கழுத்துமாக வாசலுக்கு வந்தது. "ஆமை அண்ணாச்சி சொன்ன அந்த மேட்டுலேருந்து பந்தல் தெரியுமே அத்தான். வண்டியப் போட்டுட்டு நடந்து வந்திருக்கலாம்லா?"

"புது ஃபில்டர் புள்ள. எவனாவது கழட்டிட்டுப் போயிருவான்னு பயந்துட்டேன்."

"என்னய எவனாவது கட்டிட்டுப் போயிருவான்னு பயமே வரலியா?"

உச்சினி பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனது. பெற்ற தாய் மகனோடு பேச மாட்டேன் என்று முன்னாலேயே மினிபஸ்ஸில் ஏறிவிட்டது.

கிழிந்த வேட்டியோடு பந்தல் காலில் சாய்ந்து செந்தட்டி உட்கார்ந்தது. போன் டிங் என்றது. மயில் கேட்டிருந்தது, "கல்யாண வாழ்த்துகள் வே. அது இருக்கட்டும், வண்டி கிளம்பிட்டா? சிவப்புப் பஞ்சு எப்படி?"

நடந்ததைச் சொல்லலாமா என்று செந்தட்டி நினைத்தது. சொன்னால் பன்றி முகத்தில் கரி. மயிலுக்குக் கொண்டாட்டம். ஓணான் மறுபடியும் ஒரே ஒரு சொல் போடும். கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டு செந்தட்டி தட்டச்சு செய்தது.

"தொடச்சதும் சூப்பர் அண்ணாச்சி. பிக்கப் சும்மா பிச்சுட்டுப் போவுது. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்."

மறுநாளே குரூப்பில் எல்லாரும் சிவப்புப் பஞ்சுக்கு ஆர்டர் போட்டார்கள். டேங்கு நீலமாக இருந்தவர்கள்கூட.

நீதி: கட்டிக்க இருந்தவளை விட்டுக்கொடுத்தாலும் கொடுக்கலாம், வாங்கின சாமானை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கவே கூடாது.